துரை சொன்ன குவைட்

மலைமேல் அரியூர் நாட்டு ராசப்பன் தன் பெண்டாட்டி பெருமாயியை டோலி கட்டிச் சோளக்காட்டுக்குத் தூக்கி வந்தபோது, மலைக்காய்ச்சல் அவளை உருக்கிப் போட்டிருந்தது. அங்கே கூடாரம் அடித்திருந்த வெள்ளைக்கார டாக்டர் கொயினா மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. அவளாகவே எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

டாக்டர் அடுத்த முகாமுக்குக் குதிரை ஏறும் முன் அவள் நாடியைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கம்பவுண்டர் அருணாசலம் நாமக்கல்லில் படித்தவர். அவர்தான் அதைத் தமிழில் சொன்னார்.

“முழுக்கக் குணமாயிடுச்சாம், ராசப்பா. இனி மருந்து வேண்டாம். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

ராசப்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெருமாயி நடந்தே வீடு சேர்ந்தாள். சாமை அறுப்புக்கும் போனாள். அறுப்பு முடிவதற்குள் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை டோலி கட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பெருமாயியின் காரியம் முடிந்த பிறகு அருணாசலம் மேடேறி வந்தார். ராசப்பன் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தான்.

“துரை ‘குவைட் குட்’டுன்னு சொன்னாரு. குவைட்டுன்னா முழுக்கன்னு படிச்சிருந்தேன். ‘குவைட் ரைட்’டுன்னா முழுக்கச் சரி. ஆனா அவரு சொன்னது ஓரளவு தேவலைன்னு. மருந்தை நிறுத்தச் சொல்லவே இல்லையாம். துரை முகாமுக்குத் திரும்பி வந்ததும் நான் கேட்டப்பத்தான் தெரிஞ்சுது.”

“ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தமுங்களா?”

“ஆமா.”

“எதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?”

“கூட வர்ற சொல்லைப் பாக்கணும். நல்லது, சூடுன்னு கூடக்குறைய இருக்கிறதோட வந்தா ஓரளவு. சரி, தப்புன்னு ஒரே முடிவா இருக்கிறதோட வந்தா முழுக்க.”

ராசப்பன் யோசித்தான். “செத்துப்போச்சுங்கிற சொல்லோட வந்தா எதுங்க?”

அருணாசலம் தரையைப் பார்த்தார். “முழுக்கத்தான்.”

ராசப்பன் தலையாட்டினான். கோபம் வரும் என்று சற்றுப் பொறுத்துப் பார்த்தான். வரவில்லை. அழுகையும் வரவில்லை. சேதி கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் கம்பவுண்டரை அடிக்கத் தடியோடு ஓடி வந்தபோது, “உடுங்க, அவரு போகட்டும்” என்றான். மறித்தவர்களை விலக்கி, கம்பவுண்டரைப் பாதை வரை கொண்டுபோய் விட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கே காய்ச்சல் கண்டது. முகாமுக்குப் போனான். டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அருணாசலம் இரண்டு விதமாய்த் திருப்பிக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் தமிழில் வாயைத் திறந்தார். பிழைத்தால் என்ன, போனால் என்ன என்று ராசப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. கொடுத்ததை விழுங்கினான், மழையில் நனைந்தபடி ஊருக்கு மேடேறினான்.