பதினோரு சுற்று

பிச்சைமுத்துவின் உள்ளங்கை வியர்த்தது. சங்கராபுரம் ரோட்டு இரும்பாலையில் பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் வால்வைத் திருப்பிய கை அது.

உலையிலிருந்து செக்கச் சிவந்து வரும் கட்டடக் கம்பி, தண்ணீருக்குள் பாய்ந்துதான் உறுதி பெறும். வால்வைத் திறக்கக் கணக்கு ஒன்பது சுற்று. இன்று காலை ஷிப்டில் அவன் பதினொன்று திருப்பிவிட்டான். எல்லாம் காண்ட்ராக்டர் வைக்கும் இந்தப் பரீட்சைக்காகத்தான். வெளிநாட்டுக் கம்பி இன்று மண்ணைக் கவ்வ வேண்டும்!

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?" ஆய்வுக்கூடத்து ராதிகா அவன் காதருகே சீறினாள். "காலையில ஓட்டின கம்பி கண்ணாடியாட்டம் இருக்கு. வளைச்சா படக்குனு ஒடிஞ்சிடும்!"

"கெட்டியா இருந்தா ஜெயிச்சிடலாம்னு..."

"கிழிஞ்சுது! அதத்தான் மிஷின்ல மாட்டிக்கினு இருக்காரு பாருங்க."

காண்ட்ராக்டர் அரங்கநாதன், வளைக்கும் எந்திரத்தில் கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார். வெள்ளிமலையில் மூன்று மாடி விடுதி கட்டுகிறவர். பக்கத்தில், அவர் கொண்டுவந்த வெளிநாட்டுக் கம்பி. இந்த ஆர்டர் கைநழுவினால் இன்றே உலையை அணைத்துவிடுவதாக முதலாளி தீனதயாளன் சொல்லியிருந்தார்.

சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் நாற்பது பேர் வேலையும் போகும்.

அரங்கநாதனின் விரல் பொத்தானைத் தொட்டது.

"சார், நிறுத்துங்க! தண்ணிய ஜாஸ்தி வுட்டுட்டேன். தப்பு என்னுது. நேத்து ஓட்டின கம்பிய வளைங்க."

"யோவ்!" தீனதயாளன் முகம் கறுத்தது.

அரங்கநாதன் சிரித்துவிட்டார். "மருமவனுக்குக் கொழம்பு ஊத்துறாப்பல ஊத்திட்டியா? சரி, நேத்துதையே எடுத்தா."

நேற்றைய கம்பி கொண்டை ஊசி போல மடிந்தது. கீறலே இல்லை. விசில் பறந்தது.

அடுத்து வெளிநாட்டுக் கம்பி. "இப்ப பாரு, புட்டுக்கும்" என்றான் உலைக்கார ஜீவா. மொத்த ஆலையும் அந்தச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சத்தம் வரவில்லை. அதுவும் அலுங்காமல் மடிந்தது. ராதிகா குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தவள் பிச்சைமுத்துவைப் பார்க்கவில்லை.

"ரெண்டுமே நல்ல கம்பிதாங்க." அரங்கநாதனின் குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா அது டன்னுக்கு ஆறாயிரம் கம்மி. நான் இன்னா பண்றது, சொல்லுங்க?"

தீனதயாளன் ஜீவாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். உலையின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

பிச்சைமுத்து போய் வால்வைப் பிடித்தான். மூடத் தொடங்கினான். இந்தத் தடவை சுற்றுகளை அவன் எண்ணவில்லை.