பாப்பாவின் பெயரில் ஒரு கை

"யாரு கேட்டாலும் உன் பேரைச் சொல்லிடாதம்மா. பாப்பா பேரைச் சொல்லு" என்றார் மாமனார்.

வேனின் பின்பக்கம், லாட்ஜுகளுக்குப் போக வேண்டிய விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே மருமகள் உட்கார்ந்திருந்தாள். வலது கையைச் சுற்றியிருந்த துண்டு ஒரு பக்கம் சிவந்துகொண்டே வந்தது. விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் தேய்த்துத் தள்ளும் ரோலர் மெஷின் அவள் கையையும் ஒரு விரிப்பைப் போலவே உள்ளே இழுத்திருந்தது. வலியில் அவர் சொன்னது முதலில் பிடிபடவில்லை.

"எதுக்கு மாமா?"

"இன்சூரன்ஸ் கார்டு அவ பேர்லதான இருக்கு. உன் பேரைச் சொன்னா கட்டுப் பிரிச்சுப் பாக்கறதுக்கே காசு கேப்பாங்க. கார்டுல படமெல்லாம் கிடையாது. பயப்படாத."

வீட்டுக்குப் பின்புறமே சலவைக் கூடம். கணவன் காய்ச்சலில் போனபோது, துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பிய மறுநாளே ரோலர் அவள் பொறுப்பாயிற்று. சம்பளம் என்று ஒன்று கிடையாது. "வீட்டு ஆளுக்கு எதுக்கு சம்பளம்? வேணுங்கிறதைக் கேட்டு வாங்கிக்க வேண்டியதுதான" என்பார் மாமனார். அவள் கேட்டு வாங்கியவை சோப்பு, செருப்பு, தலைவலி மாத்திரை.

சம்பளப் பதிவில் இருந்ததோ, அங்கே ஒரு தலையணை உறையைக்கூடத் தேய்த்திராத மகள் பாப்பாவின் பெயர். பாப்பாவுக்கு வரன் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் நகையோடு நிறுத்தவில்லை. பெண்ணுக்கு இன்சூரன்சும் பென்ஷனும் உள்ள வேலை இருக்க வேண்டும் என்றார்கள். அப்படியொரு வேலைக்கு மாமனார் எங்கே போவார்? ரோலரில் நிற்கும் ஆளாக மகளை எழுதினார். மாதாமாதம் அவள் பெயரில் சம்பளம் காட்டி, வரி பிடித்து, காப்பீட்டுப் பணமும் கட்டினார். அவள் குடித்தனம் போன பிறகும் அது நிற்கவில்லை. நிறுத்தக்கூடாது என்பதும் கல்யாணப் பேச்சில் சேர்த்தி. இரண்டு பேருக்குக் கட்ட அவருக்கு வசதியில்லை என்பது உண்மைதான். யாரை விடுவது என்று அவர் யோசித்ததே இல்லை என்பதும் உண்மை.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

வார்டில் ஆயா தட்டோடு நின்று பாப்பாவின் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மருமகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகாராணி, எத்தனை வாட்டி கூப்பிடறது? விரலோட சேத்துக் காதையும் மெஷின்ல குடுத்துட்டியா?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வாக்குமூலம் வாங்க வருவதாக இருந்த நாளில் பாப்பா வந்தாள். வந்ததும் அண்ணியைத் திருப்பி உட்காரவைத்து, சிக்கெடுத்துத் தலை பின்னத் தொடங்கினாள். பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வீட்ல ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க அண்ணி."

"என்ன?"

"விரலுக்குப் பணம் வருமாமே. எப்ப வரும்னு."

பாப்பாவின் விரல்கள் பின்னலில் நின்றன.

"என் பேர்ல இருக்கற பேங்க் கணக்கு எங்க வீட்டுக்காரர் கையிலதான் இருக்கு. நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல. சத்தியமா."

"தெரியும். நீ பின்னு."

அதிகாரியோடு மாமனாரும் வந்தார். இருந்தது ஒரே ஸ்டூல். அதிகாரி உட்கார்ந்தார், மாமனாரும் பாப்பாவும் நின்றார்கள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "இனிமே மாசாமாசம் ஒரு தொகை வரும்மா. ஆயுசுக்கும். உங்க கணக்குக்கே நேரா வந்துடும், யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல." பிறகு பெயரை வாசித்தார். "இது நீங்கதான?"

மாமனார் தொண்டையைச் செருமினார். மருமகள் வாய் திறக்குமுன் கட்டிலின் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அது நான் சார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, சும்மா இரு" என்றார் அப்பா.

"பேரு என்னோடது. நான் அந்த மெஷின் பக்கத்துலகூட நின்னதில்ல. நின்னது அண்ணி. கையும் அவங்களோடது." சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு உதடு கோணிவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? நாளைக்கு அந்த வீட்ல உன்னை வெச்சுப்பாங்களா? பெட்டியோட கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. அப்புறம் யார் பாத்துக்கறது?"

"அண்ணியப் பாத்துக்கிட்ட மாதிரியே என்னையும் பாத்துக்குங்கப்பா. ரோலர்ல இடம் காலிதான."

மருமகள் இடது கையால் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி பேனாவை மூடினார்.

"பதிவுல தப்பு இருந்தா நாங்களா திருத்த முடியாது. முதலாளிதான் எழுதித் தரணும். இந்தம்மா இத்தனை வருஷமா எங்கிட்ட வேலை பாத்தாங்கன்னு ஒரு வரி, கீழ கையெழுத்து. உங்களுக்கு அபராதம் வரும் பெரியவரே, மறைக்க விரும்பல. ஆனா இவங்களுக்குச் சேர வேண்டியது இவங்களுக்குச் சேரும்."

ஒரு வெள்ளைத் தாளைக் கட்டிலின் மேல் வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

மாமனார் தாளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மருமகளைப் பார்க்கவில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரல சார். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதிகாரிக்கும் அது தெரிந்தது.

மாமனார் எதிரில் உட்கார்ந்துகூடப் பழகாத மருமகள் கட்டிலை விட்டு இறங்கினாள். அந்தப் பையிலிருந்து கண்ணாடியை உருவினாள். ஒரு கையால் விரிக்க வரவில்லை. ஒரு பக்கத்துக் கம்பியைப் பல்லால் கடித்து இழுத்து விரித்தாள். இடது கையாலேயே அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்க மாமா."

அவர் வாங்கவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை.