தண்ணீர் பட்ட சாக்லேட்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டிலிருந்து சுட்டது. அங்கிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். நான் முதலில் இப்படித் தொடங்கினேன்:

பால்நிற மேகங்கள் மெல்ல…

வேண்டாம். அவர் மகளுக்குப் பாலும் முட்டையும் ஆகாது, மூச்சு இழுத்துவிடும். சொந்தப் பிறந்தநாளிலேயே மற்ற பிள்ளைகள் கேக் தின்ன, அவள் வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருப்பாள். எட்டாவது பிறந்தநாளுக்கு அவளுக்கும் ஆகிற மாதிரி, எல்லோருக்கும் ஒரே சாக்லேட் மூஸ் (நுரைக்க அடித்துச் செய்யும் இனிப்பு) என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

2

(லிஃப்டுக்கும் மூஸுக்கும் என்ன சம்பந்தம்? அவரைப் பேக்கரிக்காரராக மாற்றிப் பார்த்தேன். பேக்கரிக்காரர் தப்பே செய்யமாட்டேன் என்கிறார், கதை நகரவில்லை.)

ஆகவே மெக்கானிக்கே, பால் சேராத சாக்லேட்டை உருக்கினார். கழுவிய கரண்டியைத் துடைக்காமல் விட்டுக் கிண்டினார். சாக்லேட் இறுகிச் சேறாகிவிட்டது. வீட்டிலிருந்தது அவ்வளவுதான், பிள்ளைகள் வர இரண்டு மணி நேரம். பேக்கரியில் வேலை செய்யும் மனைவியின் தம்பிக்கு ஃபோன் போட்டார்.

"தண்ணி பட்டுச்சா? போச்சு. தூக்கிப் போடுங்க மாமா."

3

இந்த இடத்தை இரண்டு முறை அடித்து எழுதினேன், நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று. பாத்திரத்தையாவது ஊறவைக்கலாமென்று அவர் கொதிநீரை ஊற்றினார். அரை டம்ளர்* விழுந்ததுமே சேறு இளகிப் பளபளத்தது. சொட்டுத் தண்ணீருக்கு முறைத்துக்கொள்ளும் சாக்லேட், தாராளமாக ஊற்றினால் சமாதானமாகிவிடுமாம்!

பாத்திரத்தை ஐஸ்கட்டி மேல் வைத்துக் கை கடுக்க அடித்தார். சாக்லேட் குழம்பு நுரைத்துக் கெட்டியானது. மகளுக்குப் பிடிக்குமென்று ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டார்.

"ஏய், இங்க வந்து பாரேன்!"

"ஐயோ, ஸ்பூன் நிக்குதுங்க!" என்றார் மனைவி.

எனக்கே கைதட்டத் தோன்றியது. தட்டினேன்.

* சரியான அளவு கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது.

4

பன்னிரண்டு கிண்ணங்கள். மகள் தன்னுடையதைத் தொடவில்லை.

"இது எனக்கு மட்டுமாப்பா?"

"எல்லாருக்கும் இதேதான்டா கண்ணு."

"அப்போ பக்கத்துல இருக்கிறவளோடதுல எடுக்கலாமா?"

"தாராளமா எடு."

கண்ணீர் முடிவு ஒன்று, அறிவுரை முடிவு ஒன்று வைத்திருந்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். பிறந்து எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் பக்கத்தில் இருந்தவளின் கிண்ணத்தில் ஸ்பூனை விட்டாள். அந்தப் பிள்ளை "ஏய், அது என்னோடது!" என்று சண்டைக்கு வருகிறாள். யார் ஜெயித்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து சண்டையை மட்டும் நிறுத்தாதீர்கள்.