நடு ஏரியில் கரடி

ஸ்வீட்லினுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் படவில்லை. வார நாளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு மதியம் திருமுல்லைவாயில் சர்ச்சின் பின்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பாள். பாடப்புத்தகம் கிடையாது. ஜப்பான் நரி, ஆப்பிரிக்க ஆமை என்று ஊர் உலகத்து நாட்டுக்கதைகள்தான். பிள்ளைகள் இப்போது மடமடவென்று வாசிக்கிறார்கள். அதைப் பார்க்க இன்று சபைச் செயலாளர் ஜோசப்ராஜ் நேரில் வருகிறார். வாசிப்பு சரியில்லையென்றால் கூடத்தை டியூஷன்காரருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. கொடுப்பதைத்தான் பார்ப்போமே என்று இருந்தாள் அவள்.

எட்டு வயது ரெனிதா எழுந்து நரிக்கதையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். தடங்கலே இல்லை. ஸ்வீட்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன மின்விசிறி நாலைந்து பக்கங்களைப் புரட்டிவிட்டது. புத்தகத்தில் ஆமை வந்துவிட்டது. ரெனிதாவின் வாயில் நரி ஓடிக்கொண்டே இருந்தது.

ஜோசப்ராஜ் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா ஸ்வீட்லின், வசனப் போட்டி மாரி கீது?”

வேதவசனம் ஒப்பிப்பதில் வருஷா வருஷம் கோப்பை வாங்கும் பிள்ளைகள் ஆயிற்றே. இரண்டு தரம் காதில் விழுந்தால் போதும், எதையும் மனப்பாடம் செய்துவிடும். ஒவ்வொரு கதையையும் கடைசிவரை வாசித்துக் காட்டிக் கெடுத்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

“ஐயா, கொஞ்சம் உக்காருங்க.”

பையிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். பனி தேசத்துக் கதை. அங்கே யாரும் கேட்டிராதது. ஒரு சிறுமி கூழ்ப்பானையோடு ஏரியின் மேல் நடந்து போகிறாள். நடு ஏரியில் கரடி வழிமறிக்கிறது. வாயைத் திறக்கிறது. அவ்வளவுதான், ஸ்வீட்லின் தன் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பாயின் நடுவில் வைத்தாள்.

“அப்பால இன்னாச்சுக்கா?”

“அதுலயே கீது. படிச்சுக்கோங்க.”

“அட, சொல்லேம்மா,” என்றார் ஜோசப்ராஜ். அவள் கூரையைப் பார்த்தாள்.

ரெனிதா பொறுக்கமாட்டாமல் புத்தகத்தை இழுத்தாள். விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். “உ... றை... ந்த ஏரி... வி... ரிசல் விட்டது.”

“உறைந்தன்னா?” என்றாள் பக்கத்திலிருந்த நிவேதிதா.

ரெனிதா யோசித்தாள். “அது மேலயே நடந்தா இல்ல? அப்ப தண்ணி ஐசாயிருக்கும். இப்ப உடையப் போவுது.”

ஸ்வீட்லினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தடுக்கித் தடுக்கித்தான் வந்தது, ஆனால் இதுதான் வாசிப்பு. இத்தனை வாரம் கேட்டதெல்லாம் இதன் கால்தூசிக்கு வராது. பிள்ளைகள் முட்டிமோதிப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்தார்கள்.

ஜோசப்ராஜின் செல்போன் அடித்தது. டியூஷன்காரர்.

“சாவியா? கூடம் காலியா இல்ல நைனா,” என்றவர், பாயில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “நடு ஏரியில கரடி நிக்குது. போனை வை.”