பதினாறு கேபிக்குள்

"பதினாறு கேபியில என்னத்தட்டி காட்டுவா? ஒரு போட்டோகூட அதுல நிக்காதே?"

முன்பொரு நாள் அண்ணன் ஜிபின் இப்படிக் கேட்டது பிரிஜாவிடம். பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டவள், நாலு பேர் நடுவில் தலை நிமிராதவள். ஆனால் கேள்வி உள்ளே போய்த் தைத்துவிட்டது. மாமா எப்போதோ குவைத்திலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் அது. விசைகளில் அரபி எழுத்து, நினைவகம் மொத்தமே பதினாறு கேபி, அதாவது கிலோபைட். அதை டிவியோடு சேர்த்துவைத்து அவள் ஒரு டெமோ எழுத உட்கார்ந்தாள்.

டெமோ என்பது விளையாட்டு அல்ல. ஓடவிட்டால் தானே படமும் பாட்டும் காட்டி முடியும். இத்தனூண்டு இடத்தில் இவ்வளவையும் எப்படி அடைத்தார்கள் என்று பார்ப்பவன் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நாகர்கோவிலில் பழைய கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பெட்டியில் ஓடினால் 'அசல்' பிரிவு. கூடுதல் நினைவகம், புதுச் சிப்பு என்று எதையாவது சேர்த்திருந்தால் 'கலவை'. பிரிஜா அசலுக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

போட்டியை நடத்தும் ஆன்ட்ரூஸிடமும் அதே மாடல் பெட்டி ஒன்று இருந்தது. அசல் பிரிவு டெமோக்களை அதில்தான் ஓட்டிப் பார்ப்பார். போட்டியன்று தொடங்கும் முன் ஓட்டிப் பார்த்தபோது பிரிஜாவின் டெமோ நன்றாகத்தான் ஓடியது. கடைசிக் காட்சி வந்ததும் திரை முழுக்கக் குப்பையாகி அப்படியே நின்றது.

"எனக்க பெட்டியில ஓடுது அண்ணே" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை அந்தக் குரல்.

"எல்லாவனுக்கும் வீட்டுல ஓடத்தான் மக்கா செய்யும்!" என்றான் பின்வரிசையிலிருந்த இன்னொரு போட்டியாளன் லிஜின். ஹாலே சிரித்தது.

ஆன்ட்ரூஸ் அவள் கூடவே கொண்டுவந்திருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். குனிந்து பார்த்தார்.

"இஞ்ச புதுசா சிப்பு பத்த வச்சிருக்கு. இப்பம் மொத்தம் முப்பத்திரெண்டு கேபில்லா இது?"

"நான் ஒண்ணும் வைக்கல்ல."

சொல்லிவிட்டு அவளும் எட்டிப் பார்த்தாள். பற்றவைப்பு அத்தனை சுத்தமாக இருந்தது. அப்படி வைக்கிற கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இராஜாக்கமங்கலத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜிபின்தான் அவளைப் பைக்கில் கூட்டிவந்திருந்தான்; இப்போது மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உப்புக்காற்றில் விசைகள் ஒட்டிக்கொண்டன என்று பெட்டியை அவன் கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதுவரை கடைசிக் காட்சி ஒருநாளும் ஓடியதில்லை. பாட்டைக் குறைத்தாள், படத்தைச் சுருக்கினாள். சுருக்கிய படம் விரியும்போது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட அவளுக்குத் தெரியாது. ஓட்டி ஓட்டிப் பார்ப்பாள், அழுவாள். பெட்டி திரும்பி வந்த அன்று ஓடிவிட்டது. கடைசியாக வெட்டிய வெட்டு பலித்துவிட்டது என்று நம்பி, அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள்.

அந்த மெழுகுதிரி நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"நீயா வச்சது?"

"ஆமா. அதுக்கிப்பம் என்ன? சோறு தண்ணி இல்லாம அதுக்க முன்னால கெடந்து அழுத. நான் பாத்துட்டு சும்மா இருக்கணுமா?"

"எனக்கிட்ட சொன்னியா?"

"சொன்னா விடுவியா?"

"விட மாட்டேன்! அதுதானே காரியம்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அவள் கத்தி அவளே கேட்டதில்லை.

"சண்டைய வீட்டுல போய்ப் போடுங்க" என்றார் ஆன்ட்ரூஸ். "மக்கா, நான் உன்னக் கலவையில சேத்திருதேன். அங்க ரெண்டே பேருதான். நீதான் ஜெயிப்பா."

"கேட்டியா?" என்றான் ஜிபின். "பரிசுக் கப்ப வாங்கிட்டு வீட்டப் பாத்துப் போவோம். இதுக்குப் போயி."

அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. இரண்டு மடங்கு இடம் இருந்தால் யார்தான் காட்ட மாட்டார்கள்? முடியாமல் தோற்றிருந்தால் அந்தத் தோல்வியாவது அவளுடையதாக இருந்திருக்கும். இவன் அதையும் எடுத்துக்கொண்டான். எடுத்துவிட்டு, பாசம் என்கிறான்.

"அசல் தொடங்க எம்புட்டு நேரம் இருக்கு அண்ணே?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

டெமோவின் வரிகளை ஏற்றிவைத்திருந்த லேப்டாப்பைத் திறந்தாள். இனிச் சுருக்க எதுவும் இல்லை. கடைசிக் காட்சியையே எடுத்தால்தான் மீதி நிற்கும். டெமோ எழுதுபவர்கள் முடிவில் வேண்டியவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி போடுவது வழக்கம். அவளுக்கு வேண்டியவர் ஒருவர்தான். கடலலை மேல் அசைந்து வரும்படி 'ஜிபின் அண்ணனுக்கு' என்று ஒவ்வொரு தமிழெழுத்தையும் கையால் வரைந்திருந்தாள். இடத்தை எல்லாம் தின்றது அந்த எழுத்துகள்தான்.

ஜிபின் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ஏட்டி, அது கெடக்கட்டும். பாட்டக் கொறச்சுப் பாரு."

"கொறச்சாச்சு. நிக்காது."

"பிரிஜா..."

அழித்தாள். ஆன்ட்ரூஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அசல் பிரிவில் அவள் டெமோ ஓடியது. குப்பை வரவில்லை. பாட்டு நடுவில் அறுந்ததுபோல் நின்று திரை கறுத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைதட்டினார்கள். "இம்புட்டுதானா?" என்று யாரோ ஒருவன் கேட்டான். "அசல்ல ஓடிச்சு" என்றார் ஆன்ட்ரூஸ் மைக்கில்.

இன்னும் ஏதோ வரும் என்பதுபோல ஜிபின் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரிஜா அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் பைக் சாவியை எடுத்தான், நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனான்.