ஒத்திகைப் பெட்டி

ஒரு திருகாணிக்காகத்தான் ஸ்டுடியோ பரண் மேல் கையை விட்டேன். பழுதுபார்க்க வந்திருந்த லென்ஸ் ஒன்றில் ஒரு திருகாணி காணாமல் போயிருந்தது. அதே மாடலில் பூஞ்சை பிடித்த லென்ஸ் ஒன்றை உதிரிக்காக வைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் அதைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி மேலே ஏற்றியது நானேதான். டேப்பை அறுத்து லென்ஸை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். பூஞ்சையும் இல்லை, கீறலும் இல்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அடியில் இருந்த வரிசை எண்ணை இரண்டு முறை படித்தேன். அது இணைய ஏலத்தில் நான் விற்றுவிட்ட லென்ஸ்.

என் ஜாக்கிரதைக்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் அதே ஏலத் தளத்தில் ஒரு ஃபிளாஷ் விற்றேன். வாங்கியவன் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பினான். பெட்டிக்குள் இரண்டு சலவை சோப்பு. தளத்துக்காரர்கள் ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருந்த ஆதாரம் சோப்பு மட்டும்தான். என் மனைவி அதை வைத்து ஒரு மாதம் துணி துவைத்தாள். ஒவ்வொரு முறையும், "உங்க ஃபிளாஷ் நல்லா நுரைக்குது" என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றாள். அன்றிலிருந்துதான் நான் மாறினேன். எதை அனுப்பினாலும் எண்ணைக் காட்டி, பொருளைச் சுற்றிக் காட்டி, பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, டேப்பின் குறுக்கே கையெழுத்துப் போடும் வரை வெட்டாமல் ஒரே வீடியோ. அதோடு விட்டேனா? தளத்தின் அரட்டைப் பகுதியில் ஏமாறாமல் இருக்கப் பத்து விதிகள் என்று எழுதிப் போட்டேன். தளத்துக்கு வெளியே பேச வருபவனை நம்பாதே, வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டால் போனை வை, கேட்காத பார்சல் வந்தால் வாங்காதே. நானூறு பேர் நன்றி சொன்னார்கள். மனைவி எனக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தாள்.

இந்த லென்ஸ் விலை உயர்ந்தது. அதை விற்றுத்தான் ஸ்டுடியோவுக்குப் பிரிண்டர் வாங்க வேண்டும். வீடியோ எடுக்கும்போது லென்ஸைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்று முதலில் பூஞ்சை லென்ஸை வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை என்றால் முழு ஒத்திகை. அதே அளவு பெட்டி, அதே டேப், அதே கையெழுத்து, முகவரிச் சீட்டு உட்பட. மனைவி போனைப் பிடித்தபடி, "நிஜமாவே ஒட்டணுமா?" என்று கேட்டாள். "செய்யறதை உருப்படியா செய்யணும்" என்றேன். பிறகு நல்ல லென்ஸை வைத்து நிஜ வீடியோ. பதினோரு நிமிடம், குறை சொல்ல முடியாது. வீடியோவை நிறுத்திய பிறகுதான் கூரியர்காரர் வந்தார். மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

வாங்கியவள் புதிதாகத் தொழில் ஆரம்பித்த பெண். ஒரு பள்ளிக்கூடத்தில் குழுப் படங்கள் எடுக்கும் முதல் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாள். பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே படங்களோடு புகார் வந்தது. லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. நான் படத்தைப் பெரிதாக்கி எண்ணைத்தான் பார்த்தேன். எண் வேறு! எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று வீடியோவை அனுப்பினேன். 'லென்ஸை மாற்றி வைத்துவிட்டு நாடகம் ஆடுகிறார்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். தளம் மூன்றே நாளில் என் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அவள் கணக்கையும் முடக்கியது. 'சார், சத்தியமா நான் மாத்தல' என்று கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாள். அவள் இனி எனக்கு எழுத முடியாதபடி தடுத்துவிட்டு அன்று மாலையே பிரிண்டர் வாங்கினேன்.

இப்போது தளத்துக்கு நடந்ததை எழுதினேன். உடனே பதில் வந்தது: 'இந்தப் புகார் உங்களுக்குச் சாதகமாக முடிக்கப்பட்டது. வாழ்த்துகள்.' மறுபடி எழுதினேன். மறுபடி வாழ்த்தினார்கள். தப்புச் செய்தவன் நான்தான் என்று சொல்ல அந்தத் தளத்தில் ஒரு பொத்தான் கிடையாது. போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. கிழித்த பெட்டியின் முகவரிச் சீட்டில் அவள் போன் எண் இருந்தது. கூப்பிட்டேன். யாரென்று சொன்னதும் அவள் குரல் மாறியது.

"இன்னும் என்ன சார் வேணும்?"

"தப்பு என் மேலம்மா. உங்க லென்ஸ் எங்கிட்டதான் இருக்கு. பெட்டி மாறிப்போச்சு. நாளைக்கே அனுப்பிடறேன்."

"அதுக்கு நான் எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணும் வேண்டாம். லென்ஸ் வேண்டாம்னா பணத்தைப் போட்டுடறேன். உங்க கணக்கு நம்பர் மட்டும் சொல்லுங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"தளத்துக்கு வெளியில பேசறீங்க, கணக்கு நம்பர் கேக்கறீங்க. உங்க பத்து விதியையும் படிச்சுட்டுத்தான் சார் உங்ககிட்ட வாங்கினேன். இவ்வளவு எழுதறவர் ஏமாத்த மாட்டார்னு நெனச்சேன். அந்த ஸ்கூல் வேலை போயிடுச்சு. இனிமே கூப்பிடாதீங்க."

நான் பேச வாயெடுப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. உண்மையைச் சொல்பவனிடம் இப்படியா பேசுவது என்று மனைவியிடம் கத்தினேன். இந்த முறை அவள் சோப்பைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

மறுநாள் லென்ஸைப் புதுப் பெட்டியில் வைத்தேன். மனைவி பழக்கதோஷத்தில் போனை எடுத்து நீட்டி, "எடுக்கட்டுமா?" என்றாள். "யாருக்குக் காட்ட?" என்றேன். டேப் ஒட்டியதும் கை தானாகக் குறுக்கே கையெழுத்துப் போட்டது. உள்ளே ஒரு சீட்டும் வைத்திருந்தேன். நான்கு முறை கிழித்து எழுதிய மன்னிப்பு அது. பெட்டியைத் திறந்தால் போதும், படித்துவிடுவாள்.

ஆறாம் நாள் நான் ஒருவருக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "தாடையைக் கொஞ்சம் எறக்குங்க" என்று சொல்லும்போது கூரியர்காரர் உள்ளே வந்து, பெட்டியைப் பிரிண்டர் மேல் வைத்துவிட்டுப் போனார். என் பெட்டிதான். 'பெற மறுத்தார்' என்று சிவப்பு மையில் முத்திரை குத்தியிருந்தது. டேப்பின் குறுக்கே என் கையெழுத்து கொஞ்சமும் கலையாமல் இருந்தது.