சுவர் தாண்டும் சம்படம்

ரத்தம் எடுக்க ஊசி குத்துவதற்கு முன்னால் வேல்விழி கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கடைசியா என்ன சாப்பிட்டீய, எத்தன மணிக்கு?" நான், "ராத்திரி ஏழரைக்கு ரெண்டு முட்ட, ஒரு கிண்ணம் சுண்டல்" என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஷமீம் பானு, "ஏழு மணிக்கு ஒரு கப்பு சோறு, சொரக்கா கூட்டு" என்றாள். இரண்டுமே உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்பது அந்த நிமிடம் வரை எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

தென்காசியில் எங்கள் வீடும் ஷமீம் வீடும் ஒரே மதில் சுவருக்கு இரண்டு பக்கம். என் வீட்டுக்காரர் பாண்டிராஜ் போலீஸ் ஏட்டு. குற்றாலச் சீசன் வந்துவிட்டால் ஐந்தருவியில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போய்விடுவார். அவள் வீட்டுக்காரர் ரபீக் பதினாறு வருடமாக தம்மாமில் இருக்கிறார். நான் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஐம்பத்தொரு வயது, எண்பத்திரண்டு கிலோ. ஏற்கெனவே மூன்று தடவை மெலியப் பார்த்திருக்கிறேன். தேனும் எலுமிச்சையும் குடித்தேன், கொள்ளுக் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன், கைப்பேசியில் ஒரு பெண் ஆடுவதைப் பார்த்து நானும் ஆடினேன். மூன்றாவது முயற்சியில் கட்டில் கால்தான் உடைந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம், உடல் எடை ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஷமீம்தான் செய்தி கொண்டுவந்தாள். ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வேல்விழிக்குச் சொந்த ஊர் கடையம். சென்னையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நாற்பது பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தாள். எனக்கு 'அ' குழு: சோறு குறைவு, முட்டை, மீன், பயறு, நிலக்கடலை தாராளம். ஷமீமுக்கு 'ஆ' குழு: சோறு அளந்து சாப்பிடலாம், காய்கறி நிறைய, எண்ணெயும் தேங்காயும் கிட்டத்தட்டக் கிடையாது. பன்னிரண்டு வாரம். ஆளுக்கு ஒரு நோட்டு. அதில் இரண்டு கட்டங்கள்: வீட்டில் சமைத்தது, கடையில் வாங்கியது. நாங்கள் ஒரு நாள் விடாமல் நிரப்பினோம். ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்று தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் பெயரை ரிஜிஸ்டரில் எழுதியவள். என் ரத்தத்தின் மேல் 'அ-17' என்று ஒருவர் எழுதி ஒட்டியபோது, நிஜமாகவே பெருமையாக இருந்தது. சிறுபிள்ளைத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று கடைசி ரத்தம். ஜன்னலுக்கு வெளியே சாரல் தொடங்கியிருந்தது. நான் ஐந்தரைக் கிலோ குறைந்திருந்தேன், ஷமீம் ஆறு. அவள் தராசிலிருந்து இறங்க மனமில்லாமல் நின்றாள்.

"ஏம்மா, எங்க ரத்தத்துல அப்படி என்னதான் பாக்கப் போறீய?" என்று ஷமீம் கேட்டாள்.

வேல்விழிக்கு இந்தக் கேள்வி என்றால் கரும்பு தின்னக் கூலி. ஊசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நல்ல கொழுப்புன்னு சொல்லுதோம்லா அக்கா, அது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டையா ரத்தத்துல ஓடுது. கொழுப்ப மட்டும் சுமக்கல. மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒண்ணு, துண்டுச் சீட்டு மாதிரின்னு வச்சுக்கிடுங்க, அதையும் சேத்துச் சுமக்குது. ஒரு செல்லுலேர்ந்து வாங்கி இன்னொரு செல்லுக்குக் கொண்டு போகும்னு சொல்லுதாக. அங்கன போயி, இந்தப் புரதத்தக் கொறச்சுச் செய்யி, போதும்னு சொல்லும். நீங்க மெலியும்போது அந்தச் சீட்டு மாறுதான்னு பாக்கணும். எட கொறஞ்சதால மாறுதா, இல்ல சாப்பாட்டு வகையால மாறுதா? அதுக்குத்தான் ரெண்டு குழு."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் எனக்கு ஒரு நாளும் விளங்கியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "அட, நம்ம சம்படம் மாதிரி. எங்க வீட்டுச் சொவத்துல போயிட்டு வருதுல்லா, அதே மாதிரி. ஒரு பக்கமும் காலியாப் போகாது."

வேல்விழி சிரித்துக்கொண்டே, "எந்தச் சம்படம்?" என்றாள்.

ஷமீம் என் தொடையில் கிள்ளினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தெருவில் கிடையாது. அவள் இடியாப்பம் கொடுத்தால் நான் அதே சம்படத்தில் முட்டை அவியல் வைப்பேன். நான் சாளை மீன் குழம்பு கொடுத்தால் அவள் கொழுக்கட்டை வைப்பாள். நான் தொடக்கூடாத மாவு அவள் வீட்டிலிருந்தும், அவள் தொடக்கூடாத தேங்காய் என் வீட்டிலிருந்தும், பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் சுவர் தாண்டிக்கொண்டிருந்தன. நோட்டில் ஒரு வரி கிடையாது. நான் சமைக்கவில்லை, கடையில் வாங்கவும் இல்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது? பக்ரீத் பிரியாணியை மட்டும் இருவரும் பயந்துபோய் எழுதியிருந்தோம்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று மழுப்பியிருக்கலாம். வேல்விழி நம்பியிருப்பாள். சொன்னால் எங்களை நீக்கிவிடுவாள், அ-17 குப்பைக்குப் போகும், தெருவில் தலைகாட்ட முடியாது. அதைவிட, கல்யாண முகூர்த்தம் வந்து, விருந்தை விட முடியாமல் ஆறு பேர் ஏற்கெனவே விலகியிருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் போனால் இந்தப் பெண் என்ன செய்வாள்? ஆனால் இப்போதுதான் அவள் எனக்கு விளங்கவைத்திருந்தாள். விளங்கிய பிறகு எப்படிப் பொய் சொல்வது?

பையிலிருந்து சம்படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட என்று கொண்டுவந்தது. மேல் தட்டில் அவள் வீட்டு இடியாப்பம், கீழே என் வீட்டு முட்டைக் குழம்பு. "இந்தச் சம்படம்தான்" என்றேன்.

வேல்விழி அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "எத்தன நாளு?"

"ஞாயித்துக்கெழம தவுர" என்றாள் ஷமீம்.

"ஞாயித்துக்கெழம ஏன் இல்ல?"

"அன்னைக்கு ஏட்டய்யா வீட்ல இருப்பாக. மிஞ்சாது."

வேல்விழி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். சென்னையில் இருக்கும் அவளுடைய பேராசிரியையிடம் பேசுகிறாள் என்று தெரிந்தது. எங்களுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. "ஆமா மேடம்... இல்ல மேடம், சம்படம்... டிபன் பாக்ஸ் மாதிரி மேடம்... இல்ல, ரெண்டு பேருமே மெலிஞ்சிருக்காங்க மேடம்." ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீக்குனா நீக்கிட்டுப் போறாகக்கா, நம்ம ஆறு கிலோவ யாரும் புடுங்கவா முடியும்" என்றாள். ஆனாலும் கண் கலங்கியிருந்தது.

வேல்விழி திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இருந்தது. அதற்கு மேல் சிரிப்பும் இருந்தது. எது ஜெயிக்கப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை போல.

"அ-லயும் சேக்க முடியாது, ஆ-லயும் சேக்க முடியாது. அது போச்சு" என்றாள். "ஆனா மறைக்காமச் சொன்னதால தனியா வச்சுப் பாக்கலாம்னு மேடம் சொல்லுதாக. ஒரு நிபந்தனை. சொவத்தத் தாண்டுன ஒவ்வொண்ணும் எனக்கு வேணும். எந்த நாள், என்ன, எவ்வளவு. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறதாவா? ஷமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மொத செவ்வாக்கெழம பத்து இடியாப்பம். அன்னைக்குத்தான் உங்க வீட்டு மோட்டார் எரிஞ்சுது."

"அதுக்கு நான் நெலக்கடலச் சுண்டல் வச்சேன். அர சம்படம். நீ உப்பு கூடன்னு சொன்ன."

"கூடத்தான்."

"நாலாவது வாரம் உன் வீட்டுக்காரரு வீடியோவுல வந்து, என்ன இப்படி மெலிஞ்சுட்டன்னு கேட்டாகள்லா? அன்னைக்கு சாளக் குழம்பு. தேங்கா அரச்சது."

"அவுக கேட்டதுக்காவ நான் ரெண்டு கரண்டி கூடத் தின்னேன்."

வேல்விழி எழுதத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவு போட்டாள். கரண்ட் போன நாள், ரபீக் பணம் அனுப்பப் பிந்திய வாரம், பாண்டிராஜுக்குக் காய்ச்சல் வந்தது, எதிர்வீட்டு நாய் காணாமல் போய்த் திரும்பியது: ஒவ்வொன்றோடும் ஒரு பதார்த்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. நாள் தப்பினால் அவள் திருத்தினாள், அளவு தப்பினால் நான் திருத்தினேன். இத்தனை தரம் அவள் எனக்கு ஊட்டியிருக்கிறாளா என்று நடுவில் ஒரு தடவை எனக்குத் தோன்றியது. காட்டிக்கொள்ளவில்லை, கொழுக்கட்டையில் தேங்காய் இல்லாததைக் குறை சொன்னேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பசியில் மூன்று பேர் வயிறும் மாறி மாறிக் கத்தின.

அதன் பிறகுதான் ஊசி. குழாயில் சிவப்பு ஏறுவதை நான் எப்போதும் பார்க்க மாட்டேன், அன்று பார்த்தேன். அதற்குள் என்ன சீட்டு எழுதியிருக்கிறதோ, அதில் பாதி ஷமீம் வீட்டுக் கையெழுத்து.

சம்படத்தை மூவரும் பகிர்ந்துகொண்டோம். வேல்விழிதான் அதிகம் சாப்பிட்டாள். அவளும் காலையிலிருந்து பட்டினி. மிச்சக் குழம்போடு சம்படத்தை அவள் கையிலேயே கொடுத்தோம். ஐஸ் பெட்டியை ஒரு கையிலும் சம்படத்தை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். படியிறங்கும்போது பாண்டிராஜிடமிருந்து போன். "ஏ, அஞ்சு கெளையிலயும் தண்ணி விழுதுட்டி. ஷமீமயும் கூட்டிக்கிட்டு வா." அன்று இரண்டு பேரும் தலையில் எண்ணெய் வைத்து அருவியில் நின்றோம். வெளியே வரும்போது பசி கொன்றது. எந்தக் குழுவிலும் இல்லாததால் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி தின்றோம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்படம் திரும்பி வந்தது. வேல்விழி வண்டியை நிறுத்தி, வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனாள். முடிவு தெரிய மார்கழி ஆகிவிடுமாம், எங்கள் ரத்தம் சென்னையில் மைனஸ் எண்பது டிகிரி குளிரில் உறைந்திருக்கிறதாம். சுவர் மேல் வைத்து இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் ஷமீமுமாகத் திறந்தோம். குற்றாலத்து ரம்புட்டான், நிறைய. அதற்கு அடியில், குழாயில் ஒட்டியது போக மிஞ்சிய இரண்டு லேபிள்கள்: 'சுவர்-1', 'சுவர்-2'.

ஷமீம் ஒன்றை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். நான் என்னுடையதைக் கைப்பேசிக்குப் பின்னால் ஒட்டினேன். பழம் தீர்ந்தது. அடுத்து அந்தப் பெண் வரும்போது அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று வாக்குவாதம் தொடங்கியது. அவள் இடியாப்பம் என்றாள், நான் அவியல் என்றேன். திறந்து கிடந்த சம்படத்தை எடுத்து வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. சுவர் மேல் அது அப்படியே இருந்தது. சாரல் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்தது.